பெருநகரத்தின் அக்கம்பக்கப் பனிச்சறுக்குத் தளங்கள்: தேர்ந்தெடுப்பது முதல் சறுக்கிப் பழகுவது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

குளிர்காலத்தில் ஒரு பெருநகரத்துக்குச் செல்பவர் பனிச்சறுக்கு என்றதும் தேடிப்போவது பெரும்பாலும் அஞ்சலட்டைகளில் பார்த்த தளத்தைத்தான். நியூயார்க் நகரின் ராக்கஃபெல்லர் மையத்துத் தளம் அதற்குச் சரியான எடுத்துக்காட்டு. 1936 டிசம்பர் 25 அன்று திறக்கப்பட்ட அந்தத் தளம் ஏறத்தாழ 37 மீட்டர் நீளமும் 18 மீட்டர் அகலமும் மட்டுமே கொண்டது. வட அமெரிக்கப் பனி ஹாக்கித் தளம் ஒன்றின் வழக்கமான அளவு 61 மீட்டருக்கு 26 மீட்டர் என்பதோடு ஒப்பிட்டால், உலகப் புகழ்பெற்ற அந்தப் பரப்பு சாதாரணக் குடியிருப்புப் பகுதித் தளத்தில் பாதிகூட இல்லை என்பது புரியும். வேடிக்கை பார்க்கவும் படம் எடுத்துக்கொள்ளவும் அது அருமையான இடம். ஆனால் சறுக்கப் பழக வேண்டும், குழந்தையைப் பழக்க வேண்டும், வாரம் ஒருமுறையாவது போய்வர வேண்டும் என்று நினைப்பவருக்கு அடுத்த தெருவில், நூலகத்துக்கும் பள்ளிக்கும் நடுவில் பெயர்ப்பலகை மங்கிப்போய் நிற்கும் தளமே உகந்தது. அத்தகைய தளங்களைக் கண்டுபிடிப்பதற்கும், அவற்றில் நல்லதைப் பிரித்தறிவதற்கும், போன பிறகு என்ன செய்வது என்பதற்கும் உரிய படிகளை இங்கே வரிசையாகத் தருகிறேன்.

முதற்படி: தளம் எந்த வகை என்று அறிந்துகொள்ளுதல்

நகரத்துத் தளங்களைக் கூரையுள்ளவை, திறந்தவெளியில் குளிரூட்டப்பட்டவை, இயற்கையாக உறைந்த நீரில் அமைந்தவை என மூன்றாகப் பிரிக்கலாம். முதல் இரண்டிலும் அடிப்படைப் பொறியமைப்பு ஒன்றுதான். கான்கிரீட் தரைக்குள் நெருக்கமாகக் குழாய்கள் பதிக்கப்பட்டிருக்கும். அவற்றின் வழியே உறைநிலைக்குக் கீழே குளிர்விக்கப்பட்ட உப்புக்கரைசல் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தத் தரைமேல் தண்ணீரை மெல்லிய அடுக்குகளாகத் தெளித்துத் தெளித்து உறையவைப்பார்கள். இவ்வளவு பாரத்தைத் தாங்கும் பனிக்கட்டி ஓரடியாவது கனமாக இருக்கும் என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அதன் தடிமன் பெரும்பாலும் 2.5 முதல் 4 சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும், ஏனெனில் தடிமன் கூடக்கூடக் கீழே இருக்கும் குளிர் மேற்பரப்பை எட்டுவது கடினமாகிவிடும்.

இந்த எண்ணம் புதியதன்று. 1876 ஜனவரியில் லண்டனின் செல்சி பகுதியில் ஜான் காம்ஜி என்பவர் செயற்கைமுறையில் குளிர்விக்கப்பட்ட தளம் ஒன்றைத் திறந்தார். திறந்தவெளிக்கு இந்த முறை வந்து சேர்ந்தது 1909இல். பொறியாளரும் சறுக்கு வீரருமான எடுவார்ட் எங்கெல்மன் வியன்னாவின் ஹெர்னால்ஸ் என்னும் குடியிருப்புப் பகுதியில் அதை அமைத்தார். எங்கெல்மன் பெயரைத் தாங்கிய தளம் இன்றும் அதே பகுதியில், ஒரு கட்டடத்தின் கூரைமேல் இயங்கிவருகிறது. அக்கம்பக்கத் தளம் என்பதற்கு இதைவிடப் பழைய, பொருத்தமான முன்மாதிரி எனக்குத் தெரிந்து இல்லை.

கூரையுள்ள தளத்தில் பனிப்பரப்பு நாள்தோறும் ஏறக்குறைய ஒரே தரத்தில் இருக்கும். திறந்தவெளித் தளத்துக்குக் காற்றும் வானமும் கூடுதல் இன்பம். ஆனால் வெயில் நேராக விழும் பகுதி நண்பகலுக்குப் பின் இளகிவிடும், மழை பெய்தால் மேலே நீர் நிற்கும். இயற்கைத் தளத்தைப் பொறுத்தவரை என் அறிவுரை கறாரானது: பொறுப்பான நிர்வாகம் ஒன்று அளந்து பார்த்துத் திறந்துவிட்டதாக அறிவித்தால் ஒழியக் கால் வைக்கக் கூடாது. ஒருவர் நடமாடத் தெளிந்த, உறுதியான பனிக்கட்டி குறைந்தது 10 சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு; வெண்மையாகவும் காற்றுக்குமிழிகள் நிறைந்ததாகவும் தெரியும் பனிக்கட்டி அதில் பாதி வலுவே உடையது என்று கொள்ள வேண்டும். ஒட்டாவா நகரின் ரீடோ கால்வாய் 7.8 கிலோமீட்டர் நீளத்துக்குச் சறுக்குபாதையாக மாறுவது உலகம் அறிந்தது. 2022-23 குளிர்காலத்தில் அந்தப் பாதை, தன் வரலாற்றில் முதன்முறையாக, ஒருநாள்கூடத் திறக்கப்படவில்லை. குளிர் போதவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாம் படி: கால அட்டவணையைப் படித்தல்

புதிதாகத் தொடங்குபவர்கள் இந்தப் படியைத்தான் தாண்டிவிடுகிறார்கள். பிறகு, தளம் சரியில்லை என்று குறைகூறுகிறார்கள். என்னைக் கேட்டால், எந்தத் தளம் என்பதைவிட எந்த மணி என்பதே முக்கியம். ஒரே தளம் செவ்வாய்க்கிழமை நண்பகலில் கண்ணாடியாகவும், சனிக்கிழமை மாலையில் உழுத வயலாகவும் இருக்கக்கூடும்.

நகராட்சியோ பூங்கா நிர்வாகமோ நடத்தும் தளங்களின் அட்டவணை பெரும்பாலும் இணையத்தில் கிடைக்கும். டொராண்டோ போன்ற நகரத்தில் 50க்கும் மேற்பட்ட திறந்தவெளித் தளங்கள் இருப்பதால், வீட்டிலிருந்து அரைமணி நேரத்தில் சென்றடையக்கூடியவற்றை மட்டும் முதலில் குறித்துக்கொள்வது நல்லது. அடுத்து, ஒவ்வொரு மணிக்கூறும் யாருக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பொதுச் சறுக்கல் என்று குறிக்கப்பட்ட நேரமே நமக்குரியது. ஹாக்கி நேரம், மட்டையும் பந்துக்குப் பதிலான தட்டை வட்டும் கொண்டு பழகுவோருக்கான நேரம், பாட வகுப்பு, நடனச் சறுக்கல் பயிற்சி ஆகியவற்றுக்கு வேறு விதிகள் உண்டு. தலைக்கவசம் இல்லாமல் ஹாக்கி நேரத்தில் இறங்குவது பிறருக்கும் தொல்லை, நமக்கும் ஆபத்து. சில தளங்களில் முதியோருக்கென்றும், பெற்றோரும் சிறு குழந்தைகளும் மட்டும் வருவதற்கென்றும் தனிநேரம் இருக்கும். முப்பது வயதில் முதல்முறை சறுக்க வருபவருக்குப் பெரியவர்களுக்கான தனிநேரம் ஒரு வரம், ஏனெனில் அங்கே நம் முட்டிக்கு இடையில் புகுந்து பாய்ந்தோடும் எட்டு வயதுச் சிறுவர்கள் இருக்க மாட்டார்கள்.

அட்டவணையில் பொதுச் சறுக்கலுக்கு முன்னே பத்துப் பதினைந்து நிமிட இடைவெளி விட்டிருந்தால் அது வெற்றிடம் அன்று; பனிப்பரப்பை மெழுகுவதற்கான நேரம். அந்த இடைவெளி முடிந்து கதவு திறக்கும்போது வாசலில் நிற்பதே நம் குறிக்கோளாக இருக்க வேண்டும்.

மூன்றாம் படி: சறுக்காமல் ஒருமுறை சென்று பார்த்தல்

ஆழம் பார்க்காமல் காலை விடக் கூடாது என்பது ஆற்றுக்கு மட்டும் சொன்னதில்லை. கட்டணம் செலுத்துவதற்கு முன், ஓர் அரைமணி நேரம் பார்வையாளர் இருக்கையிலோ வேலியோரத்திலோ நின்று பார்த்தால் போதும், தளத்தின் குணம் தெரிந்துவிடும்.

முதலில் மூலைகளைப் பாருங்கள். பராமரிப்பில் அலட்சியம் இருந்தால் அது முதலில் மூலைகளில்தான் தெரியும்; அங்கே சுரண்டப்பட்ட பனித்தூள் குவிந்து மேடு தட்டியிருக்கும். அடுத்து நுழைவாயில். எல்லோரும் கால் ஊன்றும் இடம் என்பதால் அங்கே பள்ளம் விழுவது இயல்பு; ஆனால் அந்தப் பள்ளத்தின் வழியே கான்கிரீட்டோ தரையில் தீட்டிய வெள்ளைப் பூச்சோ தெரிகிறதென்றால் திரும்பிவிடலாம். உடைமாற்றும் இடத்திலிருந்து பனிப்பரப்பு வரை ரப்பர் விரிப்பு இடையறாமல் போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் சிமெண்டுத் தரையில் நான்கடி நடந்தாலே, ஸ்கேட் எனப்படும் சறுக்குக் காலணியின் அடியில் உள்ள பிளேடின் கூர்மை போய்விடும். காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். நல்ல பனிக்கட்டியில் நல்ல பிளேடு செல்லும்போது துணி கிழிபடுவது போன்ற ஒரு மெல்லிய ஒலி எழும். இளகிய பரப்பில் அது சதக் சதக் என்று ஈரமாகக் கேட்கும். அளவுக்கு மீறிக் குளிர்ந்து இறுகிய பரப்பில் கறகறவென்று சுரண்டும்.

மெழுகும் வண்டி வரும் நேரத்தில் அங்கே இருக்க நேர்ந்தால் அதைக் கடைசிவரை பாருங்கள். பலரும் அந்த வண்டியை ஜாம்போனி என்றே அழைப்பதற்குக் காரணம், கலிபோர்னியாவின் பாரமௌன்ட் நகரில் சறுக்குதளம் நடத்திய ஃபிராங்க் ஜாம்போனி 1949இல் அதை உருவாக்கியதுதான். அவர் குடும்பத்தார் முன்பு பனிக்கட்டிப் பாளம் தயாரித்து விற்றவர்கள். வீட்டுக் குளிர்பதனப் பெட்டிகள் பரவி அந்தத் தொழில் நலிந்துவந்தபோது, கையிலிருந்த குளிரூட்டும் அறிவைக் கொண்டு 1940இல் தளம் திறந்தார்கள். அதற்கு முன்பெல்லாம் பல ஆட்கள் இழுவை இயந்திரத்தோடும் துடைப்பானோடும் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பாடுபட்டுச் செய்த வேலையை, இன்று ஒரே வண்டி பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறது. அடியில் உள்ள அகன்ற கத்தி மேலடுக்கை மெல்லியதாகச் சீவ, சுழலும் திருகுகள் அந்தத் தூளை அள்ளித் தொட்டியில் கொட்ட, பின்னால் தொங்கும் ஈரத்துணி வெந்நீரைச் சீராகப் பரப்பிச் செல்லும். பனிக்கட்டிமேல் வெந்நீரா என்று வியக்க வேண்டாம். சூடான நீர் பழைய மேற்பரப்பைச் சற்றே இளக்கி, அதன் கீறல்களுக்குள் இறங்கி, ஒட்டி உறைகிறது. வெந்நீரில் கரைந்திருக்கும் காற்றும் குறைவு என்பதால் பரப்பு உறுதியாகவும் தெளிவாகவும் அமைகிறது. வண்டி சென்ற தடத்தில் ஈரம் மின்னி, சில நிமிடங்களில் அந்த மினுமினுப்பு அடங்கி மங்கும். ஈரம் காய்வதற்குள் ஆட்களை உள்ளே விடும் தளத்தில் நிர்வாகம் அவசரப்படுகிறது என்று பொருள்.

நான்காம் படி: ஸ்கேட்டைத் தேர்ந்தெடுத்து இறுக்குதல்

முதல்முறை நான் வாடகை ஸ்கேட் அணிந்து இறங்கியபோது ஒரு மணி நேரமும் கணுக்கால் உள்நோக்கி மடங்கியபடியே இருந்தது. எனக்குக் கால் வலுவில்லை என்று முடிவுகட்டிக்கொண்டு வெளியே வந்து உட்கார்ந்தேன். வாடகைக் கூடத்தில் இருந்த இளைஞன் என் குதிகாலைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தான். ஸ்கேட் அப்படியே நிற்க, கால் மட்டும் இரண்டு விரற்கடை உயர்ந்தது. எதுவும் பேசாமல் ஓர் அளவு சிறியதைக் கொண்டுவந்து கொடுத்தான். மறுபடி இறங்கியபோது மடங்கிய கணுக்கால் நேராக நின்றது. கணுக்கால் மடங்குகிறது என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்குமேல் குறை காலில் இருப்பதில்லை, ஸ்கேட்டில்தான் இருக்கிறது என்பது அன்று முதல் என் எண்ணம்.

ஆகவே, உங்கள் வழக்கமான காலணி அளவையே முதலில் கேட்டு வாங்கிப் போட்டுப் பாருங்கள். குதிகால் தூக்கினால் தயங்காமல் சிறியதைக் கேளுங்கள். நிமிர்ந்து நிற்கும்போது விரல்நுனி முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும், முழங்காலை மடக்கியதும் சற்றே விலக வேண்டும். கதகதப்புக்காக இரண்டு காலுறை போடுவது பலரும் செய்யும் பிழை. இரண்டு உறைகளும் ஒன்றன்மேல் ஒன்று நழுவிக் கொப்புளத்தை உண்டாக்கும். கால் நெருக்கப்படுவதால் இரத்த ஓட்டம் குறைந்து குளிரும் கூடும். மெல்லிய ஒரே உறை போதும்.

நாடாவை இறுக்குவதிலும் ஒரு முறை இருக்கிறது. விரல்பகுதியில் தளர்வாகவும், பாதம் மடங்கும் இடத்தில் மிக இறுக்கமாகவும், மேலே ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடம்விட்டும் கட்ட வேண்டும். மேலே இறுக்கிக் கீழே தளர்த்திக் கட்டினால் முழங்காலை மடக்கவே முடியாது. முழங்கால் மடங்காவிட்டால் சறுக்கவும் முடியாது.

பிளேடைப் பற்றியும் இரண்டு வார்த்தை. அது கத்தி போன்று ஒற்றைக் கூர்மை கொண்டதன்று; அடிப்பக்கம் நடுவில் குழிவாகத் தீட்டப்பட்டு, உள்விளிம்பு வெளிவிளிம்பு என இரண்டு கூர்மைகள் கொண்டது. நகத்தை அந்த விளிம்பின் குறுக்கே மெதுவாக இழுத்துப் பார்த்தால், கூராக இருக்கும் பிளேடு நகத்தை மிக மெல்லியதாகச் சீவும். வழுக்கிக்கொண்டு போனால் அது மழுங்கியது, மாற்றித்தரக் கேளுங்கள். ஹாக்கி ஸ்கேட்டின் பிளேடு சுமார் 3 மில்லிமீட்டர் அகலம் கொண்டது, இரு முனையும் மேல்நோக்கி வளைந்திருக்கும். நடனச் சறுக்கலுக்கான ஸ்கேட்டின் பிளேடு சுமார் 4 மில்லிமீட்டர் அகலமும், பின்பக்கம் கூடுதல் நீளமும், முன்நுனியில் பற்களும் உடையது. புதியவருக்கு இரண்டாவதையே பரிந்துரைப்பேன். பின்னால் சாயும்போது அந்த நீளம் தாங்கும். ஆனால் முன்பற்களால் உந்தி நடக்க முயன்றால் முகம்குப்புற விழ நேரும்.

ஐந்தாம் படி: உடை

கையுறை கட்டாயம், அது குளிருக்காக மட்டுமன்று, விழுந்த கைமேல் பிறர் பிளேடு படாமல் இருக்கவும்தான். குழந்தைகளுக்கும் புதியவர்களுக்கும் தலைக்கவசம் வேண்டும். பின்பக்கமாக விழும்போது பின்மண்டை மோதக்கூடும். கழுத்துத்துணியின் முனைகள் தொங்கக் கூடாது. மெல்லிய அடுக்குகளாக உடுத்துங்கள், பத்து நிமிடத்தில் வியர்க்கும்.

ஆறாம் படி: பனிப்பரப்பில் முதல் அரைமணி

வாசற்படியில் பக்கவாட்டாக நின்று, வேலியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காலாக இறக்குங்கள். இறங்கியவுடன் முழங்காலை, நாற்காலியில் உட்காரப் போகிறவர் போல, நன்றாக மடக்குங்கள். மடக்கிவிட்டோம் என்று நினைக்கும் அளவைவிட இன்னும் ஒரு பங்கு மடக்க வேண்டியிருக்கும். கைகள் இடுப்பு உயரத்தில், சற்று முன்னே, மேசைமேல் உள்ளங்கை வைத்தது போல இருக்கட்டும். பார்வை பாதத்தில் விழக் கூடாது. தலை குனிந்தால் உடலின் எடை முன்னே சாயும்.

குதிகால்கள் சேர்ந்து விரல்கள் விரியும்படி பாதங்களை வைத்து, வாத்து போலச் சிறுசிறு அடியாக எடுத்து வையுங்கள். ஐந்தாறு அடிக்குப் பின் இரு பாதங்களையும் இணையாக வைத்து நின்றால், முன்னே பெற்ற வேகம் உங்களைத் தானாகவே சிறிது தூரம் கொண்டுசெல்லும். அந்த இரண்டு மூன்று நொடிச் சறுக்கல்தான் மற்ற எல்லாவற்றுக்கும் வேர். இது கைவந்த பிறகு, குதிகால்களைச் சேர்த்து விரல்களை விரித்து, பாதங்கள் அகன்று சென்றதும் விரல்களை உள்நோக்கித் திருப்பி மறுபடி சேர்த்துப் பாருங்கள். தடத்தைத் திரும்பிப் பார்த்தால் பனிப்பரப்பில் ஒரு மீன் வரைந்தது போல இருக்கும். காலைத் தூக்காமலே முன்னேறக் கற்றுத்தரும் இந்தப் பயிற்சியை எத்தனை முறை செய்தாலும் தகும்.

நிற்கத் தெரியாமல் வேகம் கூட்டாதீர்கள். முழங்காலை மடக்கி, குதிகால்களை வெளியே தள்ளி, விரல்களை உள்நோக்கித் திருப்பி, பிளேடின் உள்விளிம்பால் பனிக்கட்டியைச் சுரண்டினால் வேகம் அடங்கும். கொஞ்சம் வெண்தூள் குவிந்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள்.

விழுவதையும் பழக வேண்டும். நிலை தவறுகிறது என்று தெரிந்தவுடன் கைகளைச் சுழற்றிப் போராடாமல், மேலும் தாழ்ந்து, பக்கவாட்டில் தொடையும் இடுப்பும் தரையில் படும்படி சாய்ந்துவிடுங்கள். உள்ளங்கையைப் பின்னால் ஊன்றினால் மணிக்கட்டு முறியும். விழுந்ததும் விரல்களை மடக்கி முஷ்டியாக்கிக்கொள்ளுங்கள். எழும்போது இரு முழங்காலிலும் மண்டியிட்டு, ஒரு பாதத்தை முன்னே ஊன்றி, அந்த முழங்கால்மேல் இரு கைகளையும் வைத்து அழுத்தி எழுங்கள். வேலியைப் பற்றி இழுத்து எழுந்து பழகியவர்கள் தளத்தின் நடுவில் விழுந்தால் தவித்துப்போவார்கள். தள்ளிச்செல்லும் சட்டங்களும் பொம்மைகளும் குழந்தைகளுக்கு முதல் நாளில் துணிவு தரும். இரண்டாம் நாளும் அதன்மேல் சாய்ந்தே சென்றால், முழங்காலை மடக்காமல் முன்னே குனியும் கெட்ட பழக்கம் படிந்துவிடும்.

ஏழாம் படி: ஓட்டத்தோடு ஒத்துப்போதல்

பெரும்பாலான தளங்களில் எல்லோரும் கடிகார முள் சுழலும் திசைக்கு எதிராகச் சுற்றுவார்கள். சிலவற்றில் இடையில் திசையை மாற்றுவதும் உண்டு. மெதுவாகச் செல்பவர்கள் வேலியோரமாகவும், வேகமாகச் செல்பவர்கள் உட்புறமாகவும் செல்வதும், நடுப்பகுதியைச் சுழற்சி பழகுபவர்களுக்கு விட்டுவைப்பதும் எழுதப்படாத வழக்கம். பனிப்பரப்பில் இறங்குமுன் சாலையைக் கடப்பது போல இடப்பக்கமும் வலப்பக்கமும் பாருங்கள். நான்கைந்து பேர் கைகோத்துச் சங்கிலியாகச் செல்வது பார்க்க அழகு, ஆனால் ஒருவர் இடறினால் அனைவரும் விழுவார்கள், பின்னால் வருபவரும் சேர்ந்து. விழுந்தவர் அருகில் கூட்டமாக நிற்காமல், ஒருவர் மட்டும் நின்று மற்றவர்களை விலகிச் செல்லச் சொன்னால் போதும்.

எட்டாம் படி: நகரத்துத் தளங்களைச் சுற்றிவருதல்

அடிப்படை கைவந்த பிறகு ஒரே தளத்தில் முடங்க வேண்டியதில்லை. பயிற்சிக்கு ஒரு கூரைத் தளம், வானிலை நன்றாக உள்ள நாளுக்கு ஒரு திறந்தவெளித் தளம், இவை இரண்டும் மூடியிருந்தால் போக ஒரு மாற்றுத் தளம் என மூன்றைக் கையில் வைத்துக்கொண்டால் குளிர்காலம் முழுவதும் ஓடிவிடும். புரூக்ளினின் புராஸ்பெக்ட் பூங்காவில் 2013இல் திறக்கப்பட்ட லெஃபிராக் மையத்தில் கூரையுள்ள தளமும் கூரையில்லாத தளமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. மழை தூறினால் இடம் மாறிக்கொள்ளலாம். லண்டனின் ஸ்டிரெத்தம் பகுதியில் 1931 முதல் பனிச்சறுக்கு மரபு தொடர்கிறது; கட்டடம் மாறியும் அந்தப் பகுதி மக்கள் தளத்தைக் கைவிடவில்லை. டொராண்டோவில் கார்டினர் விரைவுச்சாலையின் மேம்பாலத்துக்கு அடியில், எட்டு என்ற எண்ணின் வடிவில் 220 மீட்டர் நீளத்துக்கு 2018 முதல் ஒரு சறுக்குபாதை இயங்குகிறது. வட்டமாகவே சுற்றிப் பழகியவர் அத்தகைய பாதையில்தான் தன்னால் ஒரு பக்கம் மட்டுமே திரும்ப முடிகிறது என்பதைக் கண்டுபிடிப்பார்.

திறந்தவெளித் தளத்துக்குப் புறப்படும் அன்று காலையே அது திறந்திருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கடைசிப் படி: வெளியே வந்த பிறகு

சொந்தமாக ஸ்கேட் வைத்திருப்பவர் பையில் ஒரு பருத்தித் துணி வைத்திருக்க வேண்டும். பிளேடின் இரு பக்கமும், குழிவும், காலணியோடு இணையும் திருகுகளின் சந்தும் ஈரமில்லாமல் துடைத்த பிறகே பையில் வையுங்கள். நடப்பதற்காகப் போடும் பிளாஸ்டிக் உறையை வீட்டுக்குப் போகும்வரை அப்படியே விட்டால் உள்ளே தேங்கும் நீரால் ஒரே இரவில் துரு பிடிக்கும். பையில் வைக்கும்போது துணியுறை போடுவதே முறை. வீட்டில் நாடாவைத் தளர்த்தி, நாக்குப்பகுதியை வெளியே இழுத்துவிட்டு, அடுப்புக்கோ ஹீட்டருக்கோ அருகில் வைக்காமல் காற்றாட உலரவிடுங்கள். அடுத்தமுறை புறப்படுமுன் மறக்காமல் நகத்தால் விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். சீவவில்லை என்றால், அட்டவணையில் குறித்த நேரத்துக்கு அரைமணி முன்னதாகவே போய்ப் பிளேடைத் தீட்டக் கொடுத்துவிடலாம், அதற்குள் மெழுகும் வண்டியும் வந்து போயிருக்கும்.